கமரா வாங்கலாமா சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.

நம்ம பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து லுணுகலைப் பகுதிப் பெரியவர்களைப் பேச வைத்து ஒரு வீடியோ பொட்காஸ்ட் செய்கிறோம் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு கட்டாரிலிருந்தும் ரியாத்திலிருந்தும் பழைய மாணவர்கள் சிலர் பேசினார்கள். "சேர், நல்ல கமரா ஒண்ணு எடுத்துத் தாரோம். மொடல் மட்டும் சொல்லுங்க" என்றார்கள். பஸாரில் நம்ம ஆட்கள் இரண்டு பேர் தாங்களும் பங்கு தருவதாகச் சொன்னார்கள். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் பரக்கத் செய்யட்டும். காசு சேர்ந்துவிடும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கமரா வேண்டாம்.

உடனே மனம் நோக வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை பாடசாலையில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த காரணம். நான் விட்ட பிழை என்பதால் இங்கே எழுத இவ்வளவு நாள் தயங்கினேன்.

எங்கள் முதல் பதிவு ஹொப்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கும் மாணவன் ஒருவனின் அப்பாயி. 88 வயது. 13 வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவர். முதல் நாள் பெரட்டுக் களத்தில் நின்றது, அரைப்பேர் போட்ட கதை, மழைக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறியது எல்லாம் நேற்று நடந்தது மாதிரிச் சொல்லுவார். அதைவிட முக்கியமானது அவருடைய தம்பியின் கதை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்களே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று. அந்தக் கணக்கில் அக்கா இங்கே, தம்பி அங்கே. எழுபதுகளில் பதுளை ஸ்டேஷனில் தம்பியை ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். "அழுகைக் கோச்சி" என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்களே, அது. அந்தப் பிளாட்போமில் பெண்கள் எப்படி ஒப்பாரி வைத்தார்கள் என்று கேட்டபோது, அந்த அப்பாயி சொல்லவில்லை. பாடினார். இஸ்தோப்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேல் பாடினார். போனைப் பிடித்துக்கொண்டிருந்த மாணவி அழுதுவிட்டாள். நானும்தான்.

அன்று மழை. நவம்பர் மாதத்தில் நம்ம பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லயத்துத் தகரக் கூரையில் அது விழுகிற சத்தமும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் கவலைப்படவில்லை. ஏனென்றால் அப்பாயியின் சேலையில் ஒரு காலர் மைக் குத்தியிருந்தோம். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவரிடம் இரவல் வாங்கியது. போனின் ஹெட்போன் துளையில் செருகினேன். சரியாகப் போய் உட்கார்ந்தது. பதிவைத் தொடங்கினோம்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது படம் அவ்வளவு அழகு. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. பின்னால் மூடுபனி. வாய் அசைகிறது. சத்தம்? மழை. ஒன்றரை மணித்தியாலம் மழை. அடியில் எங்கேயோ ஒரு முனகல்.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. மைக் வயரின் முனையைப் பாருங்கள். உலோகக் குச்சியில் கறுப்பு வளையங்கள் இருக்கும். கமராவுக்கும் ரெக்கோடருக்கும் வரும் மைக்கில் இரண்டு வளையம். போனுக்கு வரும் மைக்கில் மூன்று. இரண்டு வளைய மைக்கைப் போனில் செருகினால் துளைக்குள் அழகாகப் போகும். ஆனால் மைக் வந்திருப்பது போனுக்குத் தெரியாது. அது தன்னுடைய சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், அதுவும் ஆறடி தள்ளி நின்று. இதற்கு ஒரு சின்ன அடாப்டர் வயர் கடையில் கிடைக்கிறது, சில நூறு ரூபாதான். மைக் தந்த தம்பியில் ஒரு பிழையும் இல்லை. அவர் கமராவுக்குப் பாவித்த மைக் அது. முப்பது விநாடி பதிவு செய்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தொடங்கியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். நான் கேட்கவில்லை.

பரவாயில்லை, மழை விட்டதும் இன்னொரு முறை போவோம் என்று இருந்தோம். பரீட்சை வந்தது. தவணை விடுமுறை வந்தது. ஜனவரியில் அப்பாயி தவறிவிட்டார்.

எட்டாம் நாள் முடிந்த பிறகு பேரன் என்னிடம் வந்து, "சேர், அப்பாயி பேசினது இருக்குதானே? வீட்டுல எல்லாரும் பார்க்கணும்ங்கிறாங்க" என்றான். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சத்தம் சரியில்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்த வீட்டு டீவியில் அதைப் போட்டு, சுற்றி உட்கார்ந்து, ஒன்றரை மணித்தியாலமும் பார்த்திருக்கிறார்கள். "வாயைப் பார்த்து என்ன சொல்றாங்கன்னு அத்தை கண்டுபிடிச்சாங்க சேர்" என்று மறுநாள் சொன்னான். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தக் குரலை மீட்க என்னால் ஆனதைச் செய்தேன். முதலில் ஓடாசிட்டி. 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிற ஒலித் தொகுப்பு மென்பொருள். அதில் இரைச்சல் மட்டும் உள்ள சில விநாடிகளை முதலில் மாதிரியாகக் காட்டினால், அந்த இரைச்சலை முழுப் பதிவிலிருந்தும் கழித்துத் தரும். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போல ஒரே சீரான சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும். மழை அப்படியில்லை. மனிதக் குரல் இருக்கிற அதே அலைவரிசைகளில் மழையும் இருக்கிறது. ஒன்றைக் கழித்தால் மற்றதும் போகிறது. மிஞ்சியது தண்ணீருக்குள் இருந்து ஒருவர் பேசுவது போல இருந்தது.

பிறகு, ஏஐ மூலம் பேச்சைத் துலக்கித் தருவதாகச் சொன்ன ஓர் இணையச் சேவை. ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் வந்தது. மழை இல்லை. சுத்தமான பெண் குரல். ஆனால் அது பேசியது தமிழ் இல்லை. எந்த மொழியும் இல்லை. கேட்காத இடங்களை எல்லாம் அந்த இயந்திரம் தானாக ஏதோ ஒலிகளைப் போட்டு நிரப்பியிருந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மழையோடு இருந்த பதிவாவது அப்பாயியுடையது. இது யாருடையது? அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் காட்டவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கமரா வேண்டாம் என்று. படத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நாலு வருடப் பழைய போனில் எடுத்த படமே அவ்வளவு தெளிவு.

நாம் குரலை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். மயில்வாகனத்தையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் யார் முகம் பார்த்து ரசித்தது? வாப்பாவின் கடையில் மேசைக்கு மேலே இருந்த ரேடியோவுக்கு முகமா இருந்தது? கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலி, பிறகு தமிழ்நாடு முழுக்கக் கேட்கப்பட்டதே, படம் காட்டியா? நம்ம மலைநாட்டிலேயே கொத்மலையில் 1989 முதல் சமூக வானொலி நடந்தது. அதற்கு முன்பே, 1981இல், யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவி செய்து மகாவலி சமூக வானொலி தொடங்கியிருந்தது. குடியேற்றக் கிராமங்களுக்கு நேரே போய், சனங்களோடு தங்கி, அவர்களையே பேச வைத்துப் பதிவு செய்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கொத்மலையில் இன்னொன்று செய்தார்கள். ஊர்ச் சனங்கள் கேள்வியை எழுதி அனுப்ப, நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் தேடி, விடையை வானொலியில் சொன்னார்கள். வீட்டில் கணினியை யாரும் கண்டிராத காலத்தில்! அவர்களிடம் எங்களிடம் இருப்பதில் பாதி உபகரணம்கூட இருந்திருக்காது. பேசுகிறவருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடிக்கத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்? ஒரு சாண். இதைத்தான் பிள்ளைகளுக்கு இப்போது முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். ஒரு சாணிலிருந்து இரண்டு சாண், இரண்டிலிருந்து நாலு என்று போகப் போக ஒவ்வொரு முறையும் 6 குறையும். ஆனால் கூரை மழையும் சுவரில் பட்டு வரும் எதிரொலியும் அப்படிக் குறைவதில்லை. அவை அறை முழுக்க நிரம்பியிருக்கின்றன. ஆகவே மைக்கைத் தள்ளி வைக்க வைக்கக் குரல் தேய்ந்து மழை ஜெயிக்கும். எவ்வளவு விலைகூடிய மைக்கும் இந்தக் கணக்கை மாற்றாது.

மைக் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூடியூப்பைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் "சேர், கண்டென்சர் மைக் வாங்குவோம், ஸ்டூடியோக்காரங்க எல்லாம் அதுதான் வைச்சிருக்காங்க" என்றார்கள். உண்மைதான். ஆனால் ஸ்டூடியோக்காரர்களிடம் ஸ்டூடியோ இருக்கிறது. கண்டென்சர் மைக் நுட்பமானது. பேசுகிறவரையும் கேட்கும், பக்கத்து லயத்துச் சேவலையும் கேட்கும், மேலே வளைவில் கியர் மாற்றும் பிபிலை பஸ்ஸையும் கேட்கும். நம்ம ஊருக்கு டைனமிக் மைக்தான் சரி. மேடைகளில் பார்ப்பீர்களே, தலை உருண்டையாகக் கம்பி வலை போட்ட ஷுவர் எஸ்.எம்.58, அந்த வகை. 1966இல் வந்த மொடல், இன்னும் விற்கிறது. வாய்க்குக் கிட்ட இருந்தால்தான் கேட்கும். அந்தக் குறைதான் நமக்கு நன்மை. மேசையில் உட்கார்ந்து பேசுகிற நிகழ்ச்சிக்கு அப்படி இரண்டு போதும். சாம்சன் கியூ2யூ போன்றவற்றை யூ.எஸ்.பி. வயரிலேயே நேராகக் கணினியில் செருகலாம். தனியாகப் பெட்டி எதுவும் தேவையில்லை.

ஆனால் வயதான ஒருவரின் முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டினால் அவர் மேடைப் பேச்சுப் பேசத் தொடங்கிவிடுவார். அவர்களுக்குக் காலர் மைக்தான். சேலையிலோ சட்டையிலோ குத்தி ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். வயர் உள்ள சாதாரணக் காலர் மைக் சில ஆயிரம் ரூபாவுக்குள் கிடைக்கிறது. வயர்லெஸ் மைக்குகளும் இப்போது நன்றாக வருகின்றன. ஆனால் விலை அதிகம், சார்ஜ் போட மறந்தால் அவ்வளவுதான்.

இந்தக் காசில் நான் கேட்கும் முக்கியமான பொருள் ஒன்று, கையடக்க ஒலிப்பதிவுக் கருவி. ஸூம் நிறுவனத்தின் எச்1எசென்ஷியல் மாதிரி ஒன்று. 2024இல் வந்தது. 32-பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதிவு செய்கிறது. அதாவது தாத்தா இரகசியம் மாதிரிப் பேசினாலும், திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாலும், பிறகு கணினியில் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். சத்தம் வெடித்துக் கெட்டுப்போகாது. காலர் மைக்கையும் செருகலாம். எல்லாவற்றையும் விட, அதில் ஹெட்போன் துளை இருக்கிறது. பதிவாகும்போதே என்ன பதிவாகிறது என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத்தில் சத்தம் தாமதித்து வரும். ஆனால் ஒன்று, மைக் தூரமாக இருந்தால் இந்தக் கருவியும் மழையைத்தான் தெளிவாகப் பதிவு செய்யும்.

எங்கே பதிவு செய்வது என்பதில் நிறைய அலைந்தோம். வகுப்பறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி. நாலு சீமெந்துச் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கின்றன. மண்டபம் அதைவிட மோசம். நேரமும் பிரச்சினை. வெள்ளியில் நம்ம பள்ளி ஒலிபெருக்கி, போயாவில் விகாரை ஒலிபெருக்கி, திருவிழா வந்தால் கோயில் ஒலிபெருக்கி. இந்த விஷயத்தில் லுணுகலையில் இன வேறுபாடே கிடையாது. கடைசியில் ஒரு நாள் சாரம் வாங்கப் புடவைக் கடைக்குப் போனேன். கடைக்கார நானாவோடு பேசிக்கொண்டே பின்பக்க ஸ்டோருக்குள் போனபோது என் குரல் சட்டென்று மாறியது. எதிரொலி செத்துப்போய், காதுக்குள் பேசுவது மாதிரி இருந்தது. சுற்றிலும் தரையிலிருந்து கூரைவரை துணிச் சுருள். வெளிநாட்டில் ஸ்பொஞ்ச் ஒட்டிச் செலவழித்துச் செய்வதை நம்ம நானா முப்பது வருடமாக வியாபாரமாகச் செய்துகொண்டிருக்கிறார்! லுணுகலையின் மிகச் சிறந்த ஸ்டூடியோ அதுதான். மாலையில் இரண்டு மணித்தியாலம் தருவதாகச் சொல்லிவிட்டார். தேத்தண்ணியும் தருவார் என்று நம்புகிறேன்.

வரமுடியாத பெரியவர்களிடம் நாங்கள் போக வேண்டும். அங்கே கம்பளிதான் வழி. இஸ்தோப்பில் வேண்டாம், காம்பராவுக்குள் போய், பின்சுவரிலும் இரண்டு பக்கத்திலும் கொடி கட்டிக் கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி பாதியாகும். மேலே மழை என்றால் அன்று பதிவு இல்லை. கதை பேசி, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். இதில் இனி விட்டுக்கொடுப்பு இல்லை.

படத்துக்கு வருவோம். போன் போதும். ஒரு முக்காலி வேண்டும், கை நடுங்கக் கூடாது. பெரியவரை யன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். யன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துவிடும். லைட் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால், நம்ம மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் 30 ஃபிரேமில் எடுத்தால் சில பல்புகளுக்குக் கீழே படத்தில் வரி வரியாக ஓடும். 25 ஃபிரேமும், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கும் வைத்தால் நின்றுவிடும். பிளக்மேஜிக் கமரா என்ற இலவச ஆப்பில் இவற்றை எல்லாம் கையால் வைக்கலாம், போன் மொடல் அதற்கு ஒத்துவந்தால். பழைய அன்ட்ரொயிட் போன்களுக்கு ஓப்பன் கமரா. அதில் வெளி மைக்கைத் தெரிவு செய்கிற இடமும் இருக்கிறது. போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். நடுவில் ஒரு கோல் வந்தால் பதிவு நின்றுபோகும்.

பெரிய கமரா கேட்ட தம்பிமாருக்கு இன்னொரு தகவல். பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அதற்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் வீடியோ கமராவுக்குரிய வரி கட்ட வேண்டும் என்பதால் கம்பனிகள் அப்படிச் செய்தன. நம்ம பெரியவர்கள் 29 நிமிடத்தில்தான் ஊர் பெயரையே சொல்லி முடிப்பார்கள்.

ஒலி ஒரு கருவியில், படம் வேறொன்றில் என்றால் எப்படிப் பொருத்துவது என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் ஒரு பிள்ளை கமராவுக்கு முன்னால் ஒரு தரம் கை தட்ட வேண்டும். கை சேரும் படத்தையும், ஒலிக் கோட்டில் குத்தென்று எழும் இடத்தையும் நேராக வைத்தால் சரி. முடிவிலும் ஒரு தரம் தட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. ஒரு மணித்தியாலத்தில் உதடும் சத்தமும் கொஞ்சம் விலகலாம். போன் வீடியோவில் இன்னொரு சிக்கல், ஃபிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்கினால் தலையிடி குறையும்.

தொகுப்பு மென்பொருளில் டாவின்ச்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பே பெரிய விஷயம். ஆனால் 16 ஜீபி ரம் இல்லாத கணினியில் அதைத் திறப்பது, பழைய ட்ரக்டரில் ஹப்புத்தளை ஏறுகிற மாதிரி. பேச்சைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வசதியும் காசு கட்டும் பதிப்பில்தான். பாடசாலைக் கணினிகளுக்கு ஷொட்கட் போதும். முழுவதும் இலவசம், விளம்பரமோ முத்திரையோ கிடையாது. போனிலேயே செய்பவர்கள் கெப்கட்டில் செய்கிறார்கள். சின்னத் துண்டுகளுக்கு அது பரவாயில்லை. ஒலியை ஓடாசிட்டியில் தனியாகச் சரிபார்த்து, யூடியூப்புக்கு மைனஸ் 14 எல்.யூ.எப்.எஸ். அளவில் ஏற்றினால் கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து ஒரு தனி வழக்கு. நம்மில் பாதிப் பேர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறோம், நான் உட்பட. அதில் தலைப்புப் போட்டால் படத்தில் அழகாகத் தெரியும். அதையே யூடியூப் தலைப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், தேடினாலும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாறுங்கள். சில போன் ஆப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி "கொழுந்து" வேறு எதுவோ ஆகிவிடுகிறது. வெளியிடுமுன் ஒரு தமிழ் டீச்சரிடம் காட்டுவது நல்லது.

அந்த அப்பாயியின் தம்பி குடும்பம் இப்போது நீலகிரியில், கூடலூர் பக்கம். இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ தோட்டங்கள் இருக்கும் பகுதி. கோச்சி ஏறிப் போயும் தேயிலைதான். அவர்களோடு பேசவும் திட்டம் உண்டு. வட்ஸ்அப் வீடியோவை அப்படியே பதிவு செய்தால் சிக்னலைப் பொறுத்துக் குரல் உடையும். அதனால் பேசுவது வட்ஸ்அப்பில், பதிவு செய்வது அவரவர் இடத்தில். அங்கே அவர்கள் இன்னொரு போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே நாங்கள் எங்களுடையதை. பிறகு இரண்டையும் சேர்த்தால் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியது போல இருக்கும். அனுப்பும்போது டொகியூமென்ட் ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். 2 ஜீபி வரை தரம் குறையாமல் வரும். வழக்கமான வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் பிழிந்துவிடும்.

இன்னொரு விஷயம், நம்ம வீட்டுப் பெண்களைப் பற்றியது. என் மாமி ஒருவரிடம் கேட்டேன், பஸார் தீப்பற்றின கதை, பெருநாளைக்குத் தோட்டத்து வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பின கதை எல்லாம் அவரிடம் நிறைய இருக்கிறது. "மகன், கதை சொல்றேன். முகம் மட்டும் வேணாம்" என்றார். கமராதான் பெரிது என்று இருந்தால் அவருடைய கதை நமக்கு இல்லை. குரல்தான் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. படத்துக்கு அவருடைய பழைய வெற்றிலைத் தட்டைக் காட்டலாம். குரலும் வேண்டாம் என்பவர்களை எழுதிக்கொள்வோம், அது அவரவர் விருப்பம். தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் உள்ள பெரியவர்கள் சம்பளத்தையும் நிர்வாகத்தையும் பற்றிப் பேசினால், அந்த இடத்தை வெளியிடலாமா என்று குடும்பத்திடம் திரும்பக் கேட்போம். வேண்டாம் என்றால் வெட்டுவோம். மூலப் பதிவு மட்டும் குடும்பத்துக்கும் ஒரு பிரதி போகும்.

பிரதி என்றதும் ஞாபகம். இந்தப் பட்டியலில் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கும் உண்டு. சாதாரண முழு எச்.டி. வீடியோவே நிமிடத்துக்கு 130 எம்.பி. வரை எடுக்கும், ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 8 ஜீபி. ஒன்று பாடசாலையில், ஒன்று வேறு வீட்டில், மூன்றாவது பிரதி இணையத்தில். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்க, மலை சரிகிற ஊரில் நமக்குத் தைரியம் இல்லை. 2014இல் மீரியபெத்தையில் வீடுகளோடு எத்தனை அல்பம் மண்ணுக்குள் போயிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அவர்களோடும் பேசிப் பார்க்கிறேன்.

ஆக, கட்டார், ரியாத் தம்பிமாரே, எனக்கு வேண்டியது இதுதான்: ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, காலர் மைக் இரண்டு, வயர் உள்ள ஹெட்போன் ஒன்று, முக்காலி ஒன்று, ஹார்ட் டிஸ்க் இரண்டு. நல்ல கமரா ஒன்றின் விலையில் இதெல்லாம் முடிந்து, மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்துக்குத் தோட்டங்களுக்குப் போய்வர வேன் பிடிக்கலாம். கணக்கு எழுதி, பற்றுச்சீட்டோடு இங்கேயே போடுவேன்.

அடுத்த பதிவு பஸாரில் பழைய பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியவர். அவருடைய வாப்பா காலத்துக் கடன் கொப்பி அவரிடம் இருக்கிறதாம். எந்தத் தோட்டத்தில் யார், சம்பள நாளில் எவ்வளவு தந்தார்கள், எவ்வளவு பாக்கி என்று முழுவதும் அதில் உண்டு. அந்தப் பாக்கிகளை அவர் என்ன செய்தார் என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும். காது கொஞ்சம் மந்தம், கேள்வியை இரண்டு தரம் கேட்க வேண்டும். இந்த முறை ஹெட்போன் அந்தப் பேரனிடம். அவனே கேட்டான். அவன் காதில் மாட்டித் தலையாட்டாமல் நாங்கள் தொடங்கப் போவதில்லை.

அதன் பிறகு அடாவத்தைப் பக்கம் போகிறோம். அங்கே காம்பராவில் கட்ட எங்களிடம் இரண்டு கம்பளிதான் இருக்கிறது, இன்னும் நாலு வேண்டும். பழைய தடித்த கம்பளி யாரிடமாவது இருந்தால், ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை, புடவைக் கடை நானாவிடம் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பாவித்த பிறகு கழுவிக் காயவைத்துத் திருப்பித் தருவோம். வெயில் வந்தால்.